ஸ்தோத்திரக் குறிப்பு எழுத வராத வாரம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, தோத்திரம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைகளில் வாழும் பஹாடியா மக்கள் நடுவே கணவரோடு ஊழியம் செய்கிறேன். திருநெல்வேலித் திருச்சபையார் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரிகளை அனுப்பிய வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால், இந்த அழைப்பைப் பற்றி எனக்கு ஐயம் வந்ததே இல்லை. சென்ற வாரம் என்னை அசைத்துவிட்டது.

கணவர் மலேரியாவில் படுத்துவிட்டார். மாலை வகுப்பில் என்னிடம் எழுத்துப் பழகிய சிறுமி ஒருத்தி, அதே காய்ச்சல் முற்றி, கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கும் வழியிலேயே இறந்துபோனாள். அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோது, அவளுடைய பாட்டி வறுத்த மக்காச்சோளத்தை என் முந்தானையில் கொட்டிவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்றிரவு, தமிழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகன் போனில், "எப்பம்மா வருவீங்க?" என்று அழுதான்.

இப்போது எங்களைத் தாங்கும் ஜெபக்குழுக்களுக்கு மாதாந்தர ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். கர்த்தருக்கு நன்றி சொல்லும் காரியங்களை எழுதும் ஸ்தோத்திரக் குறிப்புகள் என்ற பகுதிக்கு வந்தால் கை ஓடவில்லை. எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னபோது, விசுவாசம் குறைந்தால்தான் இப்படி ஆகும், துதித்துப் பாருங்கள் என்றார். துதித்தேன், வாய் பாடியது, நெஞ்சு மரத்துக் கிடந்தது. என் விசுவாசம் போய்விட்டதா அம்மா?

பெயர் வேண்டாத சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விசுவாசம் எங்கும் போய்விடவில்லை. போயிருந்தால் வழக்கமான நான்கு வரிகளை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். பொய்யாக ஒரு வரியும் எழுதக்கூடாது என்று தவிக்கிறீர்களே, அதுவே கர்த்தருக்கு முன் நீங்கள் உண்மையாக நிற்பதன் அடையாளம். நெஞ்சு மரத்துப்போவது துக்கத்தின் ஒரு முகம். ஒரு மரணமும் கணவரின் நோயும் பிள்ளையின் அழுகையும் ஒரே வாரத்தில் வந்து விழும்போது, தாங்கும் அளவுக்கு மட்டும் உணர்ந்து மற்றதை மனம் ஒதுக்கி வைக்கிறது.

வேதாகமத்தில், சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவும் விட்டான்; அதற்குப் பிறகுதான் பயணத்தைப் பற்றிப் பேசினான். உங்களுக்கும் அந்த வரிசையையே சொல்கிறேன். கணவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்து இரவெல்லாம் விழித்திருக்கும் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அடுத்த வாரத்து வேலையை யாரிடமாவது ஒப்படையுங்கள். மலேரியா உள்ள பகுதியில் இருப்பதால், இந்தச் சோர்வோடு காய்ச்சலோ தலைவலியோ சேர்ந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மலைகளுக்குக் கிழக்கே, கங்கைக்கு அப்பால், முட்னாபட்டி என்ற ஊரில், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரி அவுரிச் சாயத் தொழிற்சாலையை மேற்பார்த்து வந்தார். 1794-இல் அங்கே ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். மனைவியின் மனநலமும் குலைந்தது. அந்தக் காலத்துத் தன் நாட்குறிப்பில் அவர் தனிமையையும் மனச்சோர்வையும் மறைக்காமல் எழுதினார். அவருடைய ஊழியத்தின் முதற்பலனாக விசுவாசத்துக்கு வந்த கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில்தான். இந்த வரலாற்றை நம் மேடைகளில் வெற்றியில் தொடங்கிச் சொல்வதால், நடுவில் கிடந்த ஆண்டுகள் காதில் விழுவதே இல்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

நன்றியுணர்வைப் பற்றி ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய காரியங்களை ஐந்து வரை எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையை நிறைவாகவும் வரும் வாரத்தை நம்பிக்கையோடும் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு குழந்தையின் அடக்கத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவர்கள் அல்லர். துக்கத்தை வாயடைக்கச் செய்யும் துதியைக் கர்த்தர் உங்களிடம் கேட்கிறார் என்று நான் நம்பவில்லை; "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதமும் பாடலில்தான் முடிகிறது. முதலில் அந்தச் சிறுமிக்காக அழுங்கள். அவள் பெயரைச் சொல்லி, அவள் எந்த எழுத்தில் தடுமாறினாள் என்பதுவரை கர்த்தரிடம் சொல்லுங்கள்.

பிறகு, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த மக்காச்சோளத்திடம் திரும்பி வாருங்கள். பேத்தியைப் புதைத்த வீட்டில், வெறுங்கையோடு உங்களை அனுப்ப மனமில்லாத ஒரு பாட்டி, உங்களைத் தன் துக்கத்தின் பங்காளியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். மரணத்துக்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டி கொடுத்ததற்காகச் சொல்லலாம், அதுவும் மனம் வரும்போது. இந்த மாத ஜெபக் கடிதத்தில் அந்த ஒன்றை மட்டும் எழுதி, சிறுமியின் மரணத்தையும் உங்கள் சோர்வையும் விண்ணப்பப் பகுதியில் உள்ளபடியே வையுங்கள். உங்களைத் தாங்கும் ஜெபக்குழுக்கள் உண்மையைத் தாங்கக்கூடியவை.

மகனிடம், "அழாதே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிடாதீர்கள். "எனக்கும் உன்னைத் தேடுது" என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் அவனுக்கென்று குறித்து, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். விடுமுறைக்கு அவன் வருவதா, நீங்கள் போவதா என்பதை இப்போதே பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்டு, தேதியை அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையாவது தலைகாட்டினாலோ, மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மலையில் அது கடினம் என்று அறிவேன். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எனக்கும் மறுபடி எழுதுங்கள். கணவரின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்பதை அறியக் காத்திருக்கிறேன்.