சின்ன விதைகளைத் தூவ எளிய வழி இருக்கிறதா? கைராசி இல்லாவிட்டால் கீரை முளைக்காதா?

விதையைப் பற்றி நீங்கள் கேட்டதைவிட, "எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. மாடியிலோ பால்கனியிலோ செடி வளர்க்க மண் நிரப்பிய நாலைந்து பைகள் வைத்திருப்பீர்கள். கீரை விதை வாங்கித் தூவியிருப்பீர்கள். ஒன்று, முளைக்கவே இல்லை. இல்லையென்றால் ஒரே மூலையில் கொத்தாக முளைத்து, ஒரு வாரத்தில் சாய்ந்திருக்கும். சரிதானே? அதே பேச்சை நான் மூன்று வருடம் கேட்டவள்.

கல்யாணமாகித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தேன். அல்சூரில் வாடகை வீடு. மொட்டை மாடியில் ஆறு பைகள் வைத்துக்கொள்ள ஓனர் ஆன்ட்டி சம்மதித்தார். முதலில் தண்டுக்கீரை போட்டேன். விரலால் எடுத்தால் பாதி விதை விரலிலேயே ஒட்டிக்கொண்டது. மீதி ஒரே இடத்தில் விழுந்தது. பொறுமை போய், 10 கிராம் பாக்கெட்டையும் ஒரே பையில் கொட்டி, மேலே ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினேன். விதையெல்லாம் மிதந்து ஓரத்தில் ஒதுங்கியது. பிரஷ் மாதிரி நெருக்கமாக முளைத்து, அடித்தண்டு அழுகி, எட்டாவது நாள் எல்லாம் படுத்துவிட்டது. அடுத்த முறை பயந்துபோய் ஒரு விரல் ஆழம் மண்ணைப் போட்டு மூடினேன். அவ்வளவு சின்ன விதைக்கு அந்த மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரத் தெம்பு ஏது?

அந்தச் சமயம் ஊரிலிருந்து வந்த அத்தை, அதாவது மாமியார், பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சிலருக்குக் கை அப்படி அமைஞ்சிடும்மா, விடு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் வைத்த ரோஜா பட்டுப்போனபோது வெயில் அதிகம் என்றார்கள். நான் போட்ட கீரை போனால் மட்டும் என் கையா?

மூன்றாவது தடவை, ஆழமும் சரி, தண்ணீரும் சரி. விதைத்த மறுநாள் விடியற்காலை காபி டம்ளரோடு மாடிக்குப் போனேன். பையின் விளிம்பிலிருந்து கைப்பிடிச் சுவர் வழியாக மழைத்தண்ணீர்க் குழாய் வரைக்கும் எறும்பு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக, பளபளவென்று ஒரு பொட்டு. குனிந்து பார்த்தால் என் கீரை விதை. தன் தலையைவிடப் பெரிய விதையைத் தூக்கிக்கொண்டு ஒரு எறும்பு சுவரின் விரிசலில் தடுமாறுகிறது, பின்னால் வந்தது அதற்கு வழிவிட்டு நிற்கிறது. காபி ஆறும்வரை அங்கேயே நின்றேன். விதை முளைக்காமல் போகவில்லை, பையில் விதையே இல்லை. இத்தனை நாள் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஹொஸ்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு பாட்டி எங்கள் தெருவில் கீரை விற்க வருவார். அவரிடம் சொன்னேன். "எறும்புக்குத் தனியா ஒரு பங்கு வெச்சிடு தாயி, உன் பங்கைத் தொடாது. ரெண்டு ஸ்பூன் ரவை கலந்து போடு" என்றார். மணல் கலந்து தூவவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்குக் கீரை தவறியதில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டடிக்கு ஓரடி தொட்டி என்றால் கீரை விதை ஒரு சிட்டிகை போதும். அதோடு ஒரு கைப்பிடி காய்ந்த மணல், இரண்டு ஸ்பூன் ரவை. மூன்றையும் நன்றாகக் கலந்து இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்கிலும் தூவுவேன். கருத்த மண்ணில் மணல் வெளுப்பாகத் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்கே தெரியும். இங்கே ஆற்று மணலுக்கு எங்கே போவது, பாறையைப் பொடித்துச் செய்யும் எம்சாண்ட்தான் கிடைக்கிறது. அதில் தூசு அதிகம், நனைந்தால் இறுகிவிடும். சலித்து, இரண்டு தண்ணீரில் அலசி, காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை விதைக்கும் முன்பே ஊற்றிவிடுங்கள். அடியில் சொட்டும் வரை மண் நனைந்த பிறகுதான் விதை. அப்புறம் டீ வடிகட்டியில் மட்கிய உரத்தைப் போட்டுத் தட்டினால் மாவு மாதிரி விழும், விதை மறைந்தால் போதும். உள்ளங்கையால் லேசாக அழுத்தி, ஈரச் சாக்கால் மூடுங்கள். முளை வரும்வரை ஸ்பிரேயர் மட்டும்தான். மூன்றாவது நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெளுத்து நீண்டுவிடும்.

ஒரு சிட்டிகை போதுமா என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். வயலில் தண்டுக்கீரைக்கு ஏக்கருக்கு 1 கிலோ விதைதான் கணக்கு. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அப்படிப் பார்த்தால் நான் அன்று ஒரே பையில் கொட்டிய 10 கிராம் 400 சதுர அடிக்கும் மேல் வரும். இளசாகப் பிடுங்கிச் சமைப்பதற்காக நாம் அதைவிட நெருக்கமாகப் போடலாம், சரி, ஆனால் பாக்கெட்டையே கவிழ்க்க வேண்டியதில்லை. ரவை போட்டால் எலி வரும் என்பார்கள். இரண்டு ஸ்பூன் ரவையை எறும்பே இரண்டு நாளில் தீர்த்துவிடும். என் மாடிக்கு இதுவரை எலி வந்ததில்லை. நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை, செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கை நடுங்கும். அவர் வரும்போது காலி பவுடர் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, இதே கலவையை அதில் போட்டுக் கொடுப்பேன். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் போதும், நடுக்கத்திலேயே பரவலாக விழுகிறது. என்னைவிட அவர் தூவுவதுதான் சீராக இருக்கிறது.

பூ விதைக்குக் கணக்கே வேறு. ஒரு ஆகஸ்ட் மாதம் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்த ஆசையில் பெட்டூனியா வாங்கினேன். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதை இருக்கும், தூசி மாதிரி. அது முளைக்க வெளிச்சம் வேண்டும், மேலே எதையும் போட்டு மூடக்கூடாது. பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து, மடிப்பில் விதையை வைத்து, விரலால் தட்டித் தட்டி இறக்குங்கள். ஒவ்வொன்றாக வைக்க வேண்டுமானால் பல்குச்சி நுனியை நனைத்துத் தொட்டால் விதை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைத் தட்டில் ஊற்றித் தொட்டியை அதில் வையுங்கள், மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

தண்ணீர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது இங்கே குடிநீரைச் செடிக்கு ஊற்றினாலும் கார் கழுவினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நான் அரிசி கழுவிய தண்ணீரையும் காய் அலசிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து மாடிக்குச் சுமந்தேன். அப்போதும் கீழ்வீட்டுக்காரர், டேங்கர் செலவு ஏறுவது என் கீரையால்தான் என்று ஓனரிடம் போய்ச் சொன்னார். தினமும் காலையில் ஹோஸ் பிடித்துக் காரைக் கழுவியவர் அவர். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், இன்னும் ஆறவில்லை.

சரி, விதைக்கு வருகிறேன். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சுகுணா என்ற கீரை ரகம் கிடைத்தால் வாங்குங்கள். ஒரு தடவை விதைத்துப் பலமுறை அறுக்கலாம். சிவப்புக் கீரை வேண்டுமென்றால் அர்க்கா அருணிமா. திருநீற்றுப்பச்சிலை விதையை மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள். ஈரம் பட்டதும் வழவழவென்று உறை கட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மணலில் பிரியாது. காய்ந்தபடியே கலக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்து, காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தூவுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கி வேரைக் கிள்ளிவிட்டு அன்றைய பருப்பில் போடலாம், அந்த இளங்கீரை கடையில் கிடைக்காது.