கேளுங்கள், சொல்கிறேன்: டிரம்ஸ்காரரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் கச்சேரிப் படத்தைப் போட்டு, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தான் மகன். இரண்டு மணி நேரம் ஒரே இரைச்சல். பேரன் பேத்தி எடுத்த வயதில் இவர்கள் குதிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறைய இருக்கிறதம்மா. நீங்கள் பாடகர் மிக் ஜாகரையே பார்த்திருப்பீர்கள். கேமராவும் அவர் பின்னால்தான் ஓடுகிறது. அடுத்த முறை பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸைப் பாருங்கள். 2006-இல் நியூயார்க் பீக்கன் அரங்கில் படமெடுத்தபோது அவருக்கு 65 வயது. இடது கை ஸ்னேர் என்ற சிறிய டிரம்மில் விழும்போது, வலது கை ஹை-ஹேட் என்ற ஜோடி உலோகத் தட்டைத் தொடாமல் சற்றே விலகிக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். அவர் அடி மட்டும் தனியாக, சுத்தமாகக் கேட்பது அதனால்தான்.

நான் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, இரவில் மாரியம்மன் திருவிழா மேடையில் டிரம்ஸ் வாசித்த கை இது. விடிய விடிய வாசித்தால் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று தெரியும். ஒரு பாட்டு முடிந்ததும் சார்லி கேமராவைப் பார்த்து, கன்னத்தை உப்பி மூச்சு விடுவார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2021-இல் அவர் போய்விட்டார்.

அப்புறம், பட்டி கை (Buddy Guy) என்ற பாடகர் வருகிற பாட்டு. கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசையைப் பாடும் சிகாகோக்காரர், அப்போது வயது 70. ரோலிங் ஸ்டோன்ஸ் 1962-இல் லண்டனில் தொடங்கியபோது, பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகரின் பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அதே மடி வாட்டர்ஸின் இன்னொரு பாட்டைத்தான் பட்டி கை இவர்களோடு சேர்ந்து பாடுகிறார். முடிந்ததும் ஸ்டோன்ஸின் கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிதாரைக் கழற்றி அவருக்கே கொடுத்துவிடுகிறார். குருதட்சணை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் என்கிற அடித்தொனி காணாமல் போய் இரைச்சல்தான் மிஞ்சும். மகனிடம் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நம்மவர்களில் இப்படி நீண்ட காலம் நிலைத்த குழு உண்டா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: ஏன் இல்லை? பினாங்கில் பிறந்த ஆலிகேட்ஸ் இருக்கிறார்களே! டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி. மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். 2007-இல் லோகா மறைந்த பிறகும் டேவிட் மேடையை விடவில்லை. பழைய கேசட் கையில் இருந்தால் லோகாவின் குரலை முதலில் கேளுங்கள்.