வீட்டுக் கடன், சீட்டு, பத்திரம்: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

வங்கியில் கடன் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். வடாற்காடு முழுக்க ஊர் ஊராகப் பத்திரம் புரட்டியிருக்கிறேன். வீடு, கடன், பத்திரம் பற்றிக் கேளுங்கள். ஷேர் மார்க்கெட் நமக்கு ஆகாது.

சத்துவாச்சாரி, நர்ஸ்: 2021ல் 30 லட்சம், 7 சதவீதம், 20 வருஷம். இ.எம்.ஐ. 23,259 மாறவே இல்லை. இப்போ மீதி 28.70 லட்சம், வட்டி 8.25, இன்னும் 275 மாதம் என்று வருகிறது. கட்டினதெல்லாம் எங்கே சார் போச்சு?

வட்டிக்குப் போச்சம்மா. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ஆர்.பி.ஐ. வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4லிருந்து 6.5க்கு ஏறியது. உங்கள் வட்டியும் கூடவே 9.5 பக்கம் போயிருக்கும். 30 லட்சத்துக்கு 9.5 என்றால் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. நீங்கள் கட்டியது 23,259. அதற்குள் அசல் கொஞ்சம் இறங்கியிருந்ததால் தப்பித்தீர்கள். ஆனால் மாதம் சில நூறு ரூபாய்தான் அசலில் கழிந்திருக்கும். இ.எம்.ஐ.யை ஏற்றாமல் வங்கி கடன் காலத்தை மட்டும் நீட்டிவிட்டது. உங்களுக்கு வலிக்கவில்லை, அதனால் கவனிக்கவும் இல்லை.

2023 ஆகஸ்டில் ஆர்.பி.ஐ. இதற்கு ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். மாதம் 3,000 கூட்டிக் கட்டினால் 275 மாதம் ஏறக்குறைய 203 ஆகும். ஆறு வருஷம் மிச்சம். போனஸ், அரியர் வந்தால் அசலில் போடுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. 2025ல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கியது. ‘இ.எம்.ஐ.யைக் குறைக்கட்டுமா’ என்று வங்கியில் கேட்டால் வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று சொல்லுங்கள்.

குடியாத்தம்: எந்த பேங்கில் வட்டி கம்மி?

மாதத்துக்கு மாதம் மாறும். சிபில் மதிப்பெண்ணை, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கான மதிப்பெண்ணைப் பொறுத்து ஆளுக்கு ஆளும் மாறும். மூன்று இடத்தில் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.

ஆரணி: மனை பார்த்திருக்கிறோம். அப்ரூவல் இல்லை, ஆனால் ‘லோன் வாங்கித் தர்றேன்’ என்கிறார் புரோக்கர்.

லோன் வாங்கித் தருவார், வீடு கட்ட அனுமதி யார் வாங்கித் தருவார்? 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைத்தான் 2017 விதிகளின்படி வரன்முறை செய்ய வழி விட்டார்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) கொடுத்த அப்ரூவல் எண்ணைக் கேளுங்கள். வில்லங்கத்தை ஆன்லைனில் பார்க்கக் காசு வேண்டாம், 30 வருஷத்துக்குப் பாருங்கள். ஏரி, ஓடை, புறம்போக்கு இல்லையென்று வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் சரிபாருங்கள். மூலப்பத்திரத்தை, ஜெராக்ஸ் இல்லை, அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காட்பாடி: வரி மிச்சம் பண்ணவே வீட்டுக் கடன் வாங்கலாமா?

புதிய வரி முறையில் இருந்தால் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை. பழைய முறையில் 2 லட்சம் வரை உண்டு. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ராணிப்பேட்டை: சார், வட்டி கம்மி எந்த பேங்க்?

குடியாத்தத்தாருக்குச் சொன்னதுதான்.

ஆம்பூர்: 40 லட்சத்தில் வீடு. கைக்காசுக்கு 5 லட்சத்து ஏலச் சீட்டை மூணாவது மாசமே ஏலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தள்ளி எடுக்கலாம்னு இருக்கேன்.

வேண்டாம் பாய். 30 லட்சத்துக்கு மேல் போகும் கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரும். மிச்சம் 8 லட்சம் உங்களுடையது. அது தவிர முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதுவும் கைக்காசுதான். இவ்வளவையும் சீட்டில் புரட்டினால் சீட்டுத் தவணையும் இ.எம்.ஐ.யும் ஒரே சம்பளத்தில் விழும்.

வாலாஜா: இன்னா சார் இப்படி சொல்லிட்டீங்க! எங்க தெருவில பாதி வீடு சீட்டுல கட்டினதுதான். பேங்க் மாதிரி ஆயிரம் காகிதம் கேக்கிறாங்களா?

கடைசியில் எடுத்தவர்கள் கட்டியிருப்பார்கள். மூன்றாவது மாதம் எடுப்பவர் கணக்கைப் பாருங்கள். 20 பேர், மாதம் 25,000. 1.40 லட்சம் தள்ளி எடுத்தால் கையில் 3.60. மற்றவர்கள் தள்ளியதில் பங்காக வரும் கழிவு போக அதுவரை மாதம் 20,000 வீதம் கட்டியது 60,000. ஆக உண்மையில் கிடைத்த கடன் 3 லட்சம். மிச்சம் 17 மாதம், சராசரி 21,000 என்றால் 3.57 லட்சம். நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, வருஷத்துக்கு 24.

ஆம்பூர்: ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்குறதுக்கு சீட்டு மேல் இல்லையா சார்?

ரெண்டும் ஒன்றுதான் பாய், இதில் வட்டி என்ற பெயர் இல்லாததால் கசக்கவில்லை.

வாலாஜா: சேமிக்கிறதுக்காவது நல்லதா இல்லையா, அதைச் சொல்லுங்க.

பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் ‘நம்பிக்கை இல்லியா’ என்று முறைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தீபாவளிச் சீட்டு, லட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஆசை காட்டிய நிதி நிறுவனம், இரண்டுக்கும் நம் மாவட்ட ஜனம் கொடுத்த விலை போதாதா? 2022ல் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மனு எழுதியவர்களில் உங்கள் தெருக்காரரும் இருப்பார். சீட்டு பற்றி இனி பதில் சொல்ல மாட்டேன்.

பேர்ணாம்பட்டு: மனைவி பேரில் பதிந்தால் லாபமா?

10 லட்சத்துக்குள் என்றால் 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு. மூலப்பத்திரம் பார்த்தீர்களா?

திருப்பத்தூர்: வட்டி குறைவான வங்கி…

மேலே பாருங்கள் தம்பி.

பாகாயம்: கடனை முடித்து இரண்டு மாதம் ஆச்சு. பத்திரம் ‘ஹெட் ஆபீஸில் இருக்கு’ என்கிறார்கள்.

கடன் தீர்ந்து 30 நாளில் அசல் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய பத்திரங்களுக்கு இது பொருந்தும். விதியைக் குறிப்பிட்டு மேலாளருக்கு எழுதுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பத்திரம் வந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணம் பதிந்துவிடுங்கள். பதியாவிட்டால் வில்லங்கத்தில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும்.