காலைக் காபியோடு ஐந்து மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 48. தைராய்டு மாத்திரை போடுகிறேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, முட்டிவலிக்குக் கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி (60,000 யூனிட்), முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. மறந்துபோகும் என்று எல்லாவற்றையும் காலைக் காபியோடு ஒரே வாயில் போட்டுக்கொள்கிறேன். டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது. 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்த தைராய்டு மாத்திரை 100-க்கு வந்துவிட்டது. சத்து மாத்திரைகள்தான் காரணமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அதுதான் காரணம், சகோதரி. கால்சியமும் இரும்பும் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. காபியும் அதன் பங்குக்குத் தடுக்கும். இரும்பின் கதையும் அதேதான். காபி, டீ, கால்சியம் மூன்றுமே அதற்கு ஆகாது. ரத்தசோகையும் சீக்கிரம் தீர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எழுந்தவுடன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபிக்கு முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். ஆறு மணிக்குத் தைராய்டு என்றால், பதினோரு மணிக்கு எலுமிச்சை ஜூஸோடு இரும்பு. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மருந்து சரியாகச் சேராத நிலையில்தான் உங்களுக்கு 100 வரை ஏற்றியிருக்கிறார்கள். இனி முழுதாகச் சேரும்போது அதே 100 அதிகமாகிவிடலாம். அதனால் நேரத்தை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். அதற்குள் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகுமுன் இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்துங்கள். முடிக்கான மாத்திரைகளில் அது பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். நம் அன்றாடத் தேவையோ வெறும் 30 முதல் 40 மைக்ரோகிராம். அவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், சில பரிசோதனை முறைகளில் டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் கஷ்டம் உங்களுக்குத்தான். தைராய்டு குறைவாலும் ரத்தசோகையாலும்கூட முடி கொட்டும்; அவை இரண்டும் சரியாகும்வரை பயோட்டினுக்குக் காசு செலவழிக்காதீர்கள் என்பேன்.

வைட்டமின் டி எத்தனை வாரமாகப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. 60,000 யூனிட் பொதுவாக எட்டு வாரத்துக்கு எழுதப்படுவது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வார மாத்திரையைத் தினமும் போட்டவர்களும் உண்டு. தேவைக்கு மிஞ்சிய வைட்டமின் டி உடம்பில் தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். நீங்கள் கால்சியமும் சேர்த்துப் போடுவதால் இதைக் கட்டாயம் கேளுங்கள். தொடரச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் அது நன்றாக உறிஞ்சப்படும்.

முட்டி தேய்மான வலியைக் கால்சியம் தீர்க்காது. அதுவும் தேவைதானா என்று கேட்டுவிடுங்கள். போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், பயோட்டின் டப்பா உட்பட.