கிரில் கம்பியில் கீரை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. நானும் பழைய வண்ணாரப்பேட்டையில், முதல் மாடிப் பின்போர்ஷனில் இருப்பவள்தான். என் தோட்டம் என்பது ஆறடி பால்கனியும் படிக்கட்டு திரும்புகிற மூலையும். அதில்தான் பதினைந்து வருடமாகக் கீரை பறிக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

அக்கா, வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் காலை இரண்டு மணி நேரம்தான் வெயில். தக்காளி வைத்தேன், ஆள் உயரம் வளர்ந்தும் ஒரு பூ இல்லை. எங்கள் வீட்டில் எதுவுமே வராதா?
(வாசகி, வியாசர்பாடி)

வரும் தங்கச்சி, நிறையவே வரும். தக்காளி, கத்தரி, மிளகாய் மாதிரி காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது கிடைக்காததால்தான் உங்கள் செடி வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போயிருக்கிறது. இலைக்காக வளர்க்கிற செடிக்கு அவ்வளவு வெயில் தேவையில்லை. புதினா, ஓமவல்லி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெற்றிலை எல்லாம் உங்கள் இரண்டு மணி நேரத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

முதலில் புதினா வையுங்கள். விதை வேண்டாம். சட்னிக்கு வாங்குகிற கட்டிலேயே தடிமனான, கொஞ்சம் சிவப்போடிய தண்டுகளாக ஏழெட்டு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இரண்டு ஜோடி இலையை விட்டுவிட்டு மீதியைச் சட்னிக்கு உருவிக்கொள்ளலாம். தண்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் சமையலறை ஜன்னலில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் கணுவில் வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப்பார்க்கும். அது ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணில் நட்டுவிடுங்கள்.

புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி. அதற்கு ஆழமான தொட்டியைவிட அகலமான பெட்டிதான் சரி. காசிமேட்டில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி உடைந்துபோனால் தூக்கித்தான் போடுகிறார்கள். ஒன்று கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அடியில் ஸ்க்ரூடிரைவரால் பத்து ஓட்டை போடுங்கள். எடையே இருக்காது, சித்திரை வெயிலிலும் வேர் சூடாகாது. நான் காசு கொடுத்து வாங்கிய எந்தத் தொட்டியும் இதற்கு ஈடாகவில்லை.

கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றிலும் இலை ஓரம் தீயில் காட்டியது போலக் கருகுகிறது. உரம் போடப் போட இன்னும் மோசமாகிறது. தினமும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
(வாசகர், ராயபுரம்)

உரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அப்புறம் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு.

என் முதல் கறிவேப்பிலைச் செடி இப்படித்தான் போனது. செடி வாங்கிய கடையில் கேட்கும்போதெல்லாம் ஒரு பவுடர் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நாலு பவுடர் போட்டேன், கடைசியில் குச்சிதான் மிஞ்சியது. கீழ்வீட்டு ஆயா ஒருநாள் படியேறி வந்து, பக்கெட் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இந்தத் தண்ணில பருப்பே வேகாதும்மா, செடி எப்புடி வரும்?” அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

நம் பக்கம் கடலோரம். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல் நீர் ஏறிவிடுகிறது. மீஞ்சூர் பக்கம் 1960-களின் கடைசியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வயலாக இருந்தால் ஒரு மழையில் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நாம் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேரும். மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. உரமும் ஒருவகை உப்புதான், அதனால்தான் போடப் போடக் கருகுகிறது.

மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடுகிற தண்ணீர், வருகிற நாளில் இப்படிச் செய்யுங்கள். பத்து லிட்டர் தொட்டி என்றால் இருபது லிட்டர் தண்ணீரை நிதானமாக, விட்டு விட்டு ஊற்றி அடி ஓட்டை வழியாக ஓடவிடுங்கள். வாரம் கழித்து இன்னொரு முறை. புதுத் தளிர் கருகாமல் வந்தால் செடி பிழைத்தது என்று அர்த்தம். கருகிய பழைய இலை இனிப் பச்சையாகாது, கிள்ளிவிடலாம்.

சரி, தினசரி தண்ணீருக்கு என்ன செய்வது? மெட்ரோ தண்ணீரில் அரிசி கழுவிய கழுநீர் இருக்கிறது. ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, பக்கெட் வைத்துப் பிடியுங்கள். ஐப்பசி மழையில் எத்தனை டிரம் நிரப்ப முடியுமோ நிரப்பி, கொசு போகாமல் துணி கட்டி மூடிவையுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கட்டியிலும் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

போர் தண்ணீரை விட்டால் வேறு வழியே இல்லை என்றால் பருப்புக்கீரை போடுங்கள், உப்பைத் தாங்கும். பீன்ஸ் பக்கம் போகாதீர்கள்.

கொத்தமல்லி முளைப்பதே இல்லை. முளைத்தாலும் நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது.
(வாசகி, பெரம்பூர்)

மல்லி விதை இரட்டை. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். எட்டுப் பத்து நாள் பொறுமை வேண்டும். பூப்பதற்குக் காரணம் சூடு. கார்த்திகை முதல் தை வரை விதைத்தால்தான் சென்னையில் இலை கிடைக்கும். கோடையில் வெந்தயம் தூவுங்கள், நாலு நாளில் முளைத்து ஒரு மாதத்துக்குள் கறிக்கு வந்துவிடும்.

மொட்டை மாடியில் தொட்டி வைக்க வீட்டு ஓனர் விடமாட்டேன் என்கிறார். தளம் ஒழுகுமாம். எப்படிப் பேசுவது?
(வாசகர், திருவொற்றியூர்)

தம்பி, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் தோட்ட மண்ணை நிரப்பி நனைத்தால் முப்பது கிலோ வரும். அதுமாதிரி இருபது பக்கெட்டை நடுத் தளத்தில் வைத்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். மண்ணைக் குறைத்து, கோகோபீட்டும் மண்புழு உரமும் கூடுதலாகக் கலந்தால் எடை நன்றாகக் குறையும். சுவரோரமாக, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தளம் காய வேண்டும், அதுதான் முக்கியம். தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரை ஒரு வாரம், பத்து நாள் போதும். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். 2016-ல் வர்தா புயலன்று எங்கள் எதிர்வீட்டுத் தொட்டி ஒன்று தெருவில் விழுந்து சிதறியது. அந்த நேரத்தில் கீழே யாரும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நாலு பக்கெட்டுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். முதல் அறுப்புக் கீரையை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மீன் கழிவைத் தொட்டியில் புதைத்தேன். பூனை வந்து செடியோடு தோண்டிப் போட்டுவிட்டது.
(வாசகி, காசிமேடு)

பச்சையாகப் புதைத்தால் பூனை சும்மா விடுமா அம்மா! மீன் அமிலமாக மாற்றிவிடுங்கள். செதில், குடல், தலை எவ்வளவோ அதே எடைக்கு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து நிழலில் வையுங்கள். மூடியை இறுக்கவேண்டாம், உள்ளே வாயு சேரும். முதல் வாரம் நாற்றம் இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் அது போய், கனிந்த பழம் மாதிரி ஒரு வாசனை வரும், மேலே தேன் நிறத்தில் நீர் நிற்கும். அதை வடிகட்டி ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து, பத்து நாளைக்கு ஒருமுறை சாயங்காலத்தில் தெளியுங்கள். மீன் கழுவிய முதல் தண்ணீரையும் தாராளமாக ஊற்றலாம், உப்பு போட்டு அலசுவதற்கு முன்பு பிடித்ததாக இருந்தால். கருவாடு ஊறிய தண்ணீர் வேண்டவே வேண்டாம்.