தூரிகை கேள்வி–பதில்: பச்சை ஏன் சேறாகிறது?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் பாப்பிப் பூ வயல் ஓவியம் மாதிரி, கோடையில் சோழவரம் ஏரிக்கரையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். பச்சையெல்லாம் சேறாகிவிட்டது. நிழல் கரி பூசியதுபோல் கிடக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நிழலுக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள், பச்சையை டியூபிலிருந்து அப்படியே பிதுக்கியிருப்பீர்கள். இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெயில் பட்ட புல்லுக்கு லெமன் மஞ்சளில் அல்ட்ராமரின் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் டியூபே தீர்ந்துவிடும். பச்சை கண்ணைக் குத்தினால் குண்டூசித் தலையளவு சிவப்பு போதும். தூரத்துப் பனைகளுக்கு அதே கலவையில் வெள்ளையும் நீலமும் கூட்டுங்கள். நிழலுக்கு அல்ட்ராமரின், அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. திறந்தவெளி நிழலில் வானத்து நீலம் விழுகிறது. அந்த ஊதாச் சாயல் கண்ணுக்குத் தெரிவதுதான், கற்பனையில்லை.

சேறாவதற்குப் பெரிய காரணம் கை. ஈர வண்ணத்தின் மேல் திரும்பத் திரும்ப நீவினால் கீழுள்ளதும் மேலுள்ளதும் குழைந்துவிடும். எட்டாம் எண் தட்டைப் பன்றிமுடித் தூரிகையில் வண்ணத்தை அள்ளி, ஒரே தீற்றாக வைத்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தீற்றுக்கும் துணியில் துடைக்க வேண்டும். மஞ்சள், சிவப்புக்கு ஒரு தூரிகை, நீலம், ஊதாவுக்கு இன்னொன்று.

மோனே 1873இல் தீட்டிய அந்தப் பாப்பிப் படத்தின் முன்பக்கப் பூக்களைப் பாருங்கள். இதழே இல்லை, அளவுக்கு மீறிப் பெரிய சிவப்புத் திட்டுகள்தான். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன.

கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழ விடாதீர்கள். அங்கே பளிச்சென்று தெரிந்தது வீட்டில் இருண்டுபோகும். குடை பிடியுங்கள், ஆனால் கலர் குடை வேண்டாம், அதன் நிறம் படத்தில் ஏறும். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் நிழல் மரத்தடிக்குள் சுருண்டுவிடும், படத்தில் பிடிமானம் இருக்காது. ஒளி மாறியதும் மோனே அடுத்த கேன்வாஸை எடுப்பார். நமக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று போதும்.

கேள்வி: வண்ணத்தை இளக்கும் டர்பென்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலக்கலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: தூரிகை கழுவ மட்டும். வண்ணத்தில் கலந்தால் மெதுவாக ஆவியாகி, பிசுக்கு தங்கிவிடும். முதல் பூச்சுக்கு டர்பென்டைன், மேல் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். மாற்றிப் போட்டால் காய்ந்த பூச்சில் வெடிப்பு விழும்.