36 பக்கமும் வெள்ளை

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் பள்ளியில் தமிழாசிரியை, வயது 41. என் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு 2016இல் ஊர் திரும்பினார். இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். குறையில்லை.

போன மாதம், சென்னையில் இருக்கும் நாத்தனார் குடும்ப வாட்ஸப் குழுவில், மே மாத லீவுக்கு மலேசியா, சிங்கப்பூர் ஆறு நாள் போகிறோம் என்று ஏஜென்சிக்காரர் கொடுத்த அட்டவணையைப் போட்டு, "அண்ணி, நீங்களும் வாங்களேன்" என்று எழுதியிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் என் வீட்டுக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டார். "ராமேஸ்வரத்துக்கு உலகமே வருது. நாங்க எங்க போறது?" எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கொழுந்தனார், நம் நாட்டையே இன்னும் பார்த்து முடிக்கவில்லை, அதற்குள் வெளிநாடா என்று நீளமாக ஒரு ஃபார்வர்டு போட்டார். மாமியாருக்கோ மகள் மேல் கோபம். போவதற்கு முன்னாலேயே இப்படி ஊருக்கெல்லாம் சொல்கிறாளே, கண்ணு பட்டுவிடாதா என்று. என்னை யாரும் கேட்கவில்லை.

2014இல், ஃபேமிலி விசா கிடைக்கும் என்று நம்பி நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். விசா கிடைக்கவில்லை. 2024இல் பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டது. அன்று எடுத்துப் புரட்டினேன், 36 பக்கமும் வெள்ளை. எனக்குப் போக ஆசையாக இருக்கிறது ஐயா. இது பகட்டா? பன்னிரண்டு வருடம் வெளியே கஷ்டப்பட்டு வந்தவரிடம் இதைக் கேட்பது தப்பா?

உச்சிப்புளி வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. அதை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரரை விட்டுக்கொடுத்துப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் கீழக்கரையில் வெளிநாடு போவதைச் ‘சபர்’ என்போம். போனவர் ‘சபுராளி’. அரபியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். எங்கள் ஊருக்கு வந்த இடத்தில் அதற்குப் பிழைப்பு என்று பொருளாகிவிட்டது. "அவுக சபர்ல இருக்காக" என்று ஒரு பெண் சொன்னால், எந்த ஊரைச் சுற்றிப் பார்க்கிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எப்போது வருவார் என்றுதான் கேட்பார்கள். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றுதானே நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? திரைகடல் ஓடிப் போய் நாலு இடத்தில் நின்று போட்டோ எடுத்து வா என்று நம் முன்னோர் யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

என் லாத்தா (அக்கா) மாப்பிள்ளை ரியாதில் இருந்தவர். லீவு முடிந்து அவர் பெட்டி கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி. அதற்குள் இடியாப்ப மாவு, கருவாடு, கருப்பட்டி, ஊறுகாய், கூடத் தங்கியிருப்பவர்களின் வீட்டார் கொண்டுவந்து கொடுத்த பொட்டலங்கள். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினால் முப்பத்திரண்டு கிலோ காட்டும். முப்பதுக்கு மேல் ஆகாது. எதை எடுப்பது? அடுத்தவர் வீட்டுப் பொட்டலத்தில் கைவைக்க முடியாது. தன் சட்டை இரண்டையும் கைலி ஒன்றையும் உருவி வெளியே போடுவார். மூடி அமுங்குவதற்காகச் சின்ன மகளைத் தூக்கிப் பெட்டி மேல் உட்கார வைத்து, படகுக்குக் கட்டுகிற நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முழங்காலால் மிதித்து முடிச்சுப் போடுவார். அப்புறம் மார்க்கர் பேனாவால் பேரும் ஊரும் எழுதுவார், ஆறு பக்கமும். அவர் எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். லாத்தா அடுப்படியை விட்டு வரவே மாட்டாள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஏர்போர்ட் என்றால் இதுதான். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை தடவை பெட்டி கட்டியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் போய் ஆறு நாள், ஐந்து இரவு, காலை உணவு உட்பட என்றால் அவருக்கு என்ன தோன்றும்? ராமேஸ்வரத்துக்கு உலகமே வருது என்று அவர் சொன்னது சமாளிப்புதான், ஆனால் கஞ்சத்தனம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மே மாதத்தில், அதுவும் ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏசி மெக்கானிக் ஒருவர் ஆறு நாள் கடையை அடைத்துவிட்டுக் கிளம்புவாரா? விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவர்கள் வேண்டுமானால் மே மாதம் எங்கேயாவது போகலாம். இவருக்கு அதுதான் சீசன். அதைச் சொல்லியிருந்தால் குழுவில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆண்பிள்ளைகளுக்கு உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட ராமேஸ்வரத்தை இழுப்பது சுலபமாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை. தொல்காப்பியம், அகத்திணையியல். நீங்கள் தமிழாசிரியை, உங்களுக்குத் தெரியாததில்லை. கடல் கடந்து பொருள் தேடப் போகிறவன் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் உரை. இலக்கணம் எழுதியவர் வழக்கத்தைப் பார்த்து எழுதினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தை நம் கரை விடவேயில்லை. கொழும்புக்கு ஆண் மட்டும் போனான், பினாங்குக்கு ஆண் மட்டும் போனான். வளைகுடாவில் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள இன்ன வேலை, இன்ன சம்பளம் இருக்க வேண்டும் என்று விதி. அந்தச் சம்பளம் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதில்லை. உங்கள் பாஸ்போர்ட் வெள்ளையாக இருப்பதற்கும் அதுதானே காரணம்?

எங்கள் உம்மா கதையைச் சொல்கிறேன். வாப்பா 1957இல், பதினாறு வயதில், போட் மெயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்கி, மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனவர். கோட்டைக்குப் பக்கத்தில் புறக்கோட்டை, அங்கே இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜவுளிக்கடையில் முதலில் எடுபிடி, பிறகு கணக்கு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள், அதில் போய் வந்தார். 1966இல் கல்யாணம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இடையில் பதினேழு வருடம். சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது.

உம்மாவுக்குக் கொழும்பு என்றால் இலங்கை வானொலி. எங்கள் கரையில் அது உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாக எடுக்கும். அறிவிப்பாளர் எட்டு மணி என்றால் உம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்வார். சரிசெய்துவிட்டு, "இப்பக் கடை தொறந்திருப்பாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். செட்டியார் தெரு, கெய்சர் வீதி, சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் என்று கடிதத்தில் வந்த பேரெல்லாம் அவருக்கு மனப்பாடம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். எங்கள் வீட்டிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம்கூட இல்லை. உம்மா போனதில்லை.

2013இல், அவருக்கு அறுபத்தாறு வயதில், நானும் தம்பியும் அழைத்துப்போனோம். வாப்பாவையும் கூப்பிட்டோம். "அங்க என்ன இருக்கு? கடைதான் இருக்கு" என்றார். உங்கள் வீட்டுக்காரர் ராமேஸ்வரம் என்கிறார், எங்கள் வாப்பா கடை என்றார், அவ்வளவுதான் வித்தியாசம். மதுரையில் விமானம் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம். உம்மா, "இதுக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் நடக்க இடமில்லை. நாட்டாமிகள் (அங்கே சுமை தூக்குபவர்களுக்கு அதுதான் பேர், அதிகாரம் செய்கிறவர் இல்லை) கைவண்டியைத் தள்ளிக்கொண்டு காலை மிதிக்கிற மாதிரி வருவார்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டார் பள்ளி தெரிந்தது. வாப்பா சொல்லி அனுப்பிய அடையாளத்தை வைத்துக் கடையைத் தேடினோம். ஜவுளிக்கடை போய், செல்போன் உறை விற்கிற கடை ஆகியிருந்தது. உம்மா கடையைப் பார்த்தார், பள்ளியைப் பார்த்தார். "இம்புட்டுப் பக்கத்துலயா? சுபுஹுத் தொழுகைக்கு இருட்டுல தூரமா நடந்து போறாகன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அத்தனை வருடமும் அந்த இருட்டை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

கடைப் பையன் நல்ல பிள்ளை. மாடிக்குப் போக விட்டான். இப்போது அட்டைப்பெட்டி அடுக்குகிற இடம். எட்டுப் பேர் படுத்த அறை. உம்மா வாசலில் நின்று சுவருக்குச் சுவர் காலடி வைத்து அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது படிக்கட்டின் மரக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். முழங்கால் வலி என்றார்.

ஊருக்கு வந்து சொன்னால் வாப்பா நம்பவில்லை. படிக்கட்டு இடது பக்கம் என்கிறார். உம்மா வலது பக்கம் என்கிறார். கைப்பிடியே கிடையாது என்கிறார் வாப்பா. நான் பிடிச்சு இறங்கினேனே என்கிறார் உம்மா. அந்தச் சண்டை அவர்களுக்குள் வருடக்கணக்காக ஓடியது. அதற்கு முன்னால் கொழும்பைப் பற்றி வாப்பா சொல்லுவார், உம்மா கேட்டுக்கொள்ளுவார். எதிர்த்துப் பேச அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை.

அதனால் உங்கள் ஆசையைப் பகட்டு என்று என்னால் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடம் அவர் போன மாதிரி நீங்களும்தான் காத்திருந்தீர்கள். அவர் பார்த்துச் சலித்தது உங்களுக்கு இன்னும் கண்ணில் படவேயில்லை. இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

கொழுந்தனாரின் ஃபார்வர்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றால் யாரும் எங்கேயும் போக முடியாது. அவர் கடைசியாக அரிச்சல்முனைக்கு எப்போது போனார் என்று கேட்டுப் பாருங்கள். (நானே சாலை போட்டு ரொம்ப நாள் கழித்துத்தான் போனேன், அதுவும் சென்னையிலிருந்து வந்த விருந்தாளிக்காக.) உலகமே வருகிறது என்பதற்கும் ஒன்று சொல்லலாம். 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் வந்து இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை அந்த நினைவிடத்துக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். கடல் கடந்தால் தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கா போவதற்கு முன்பே அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் சேதுபதியும் ஒருவர். போய் வந்தவருக்குத்தான் அந்த வரவேற்பு. இதை வீட்டில் சண்டைக்கு இழுக்காதீர்கள், சும்மா உங்களுக்காகச் சொன்னேன்.

மாமியாரை மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கிளம்புகிறவரைப் பார்த்து "எங்க போறீக" என்று கேட்காமல் "தூரமா?" என்று கேட்கிற கரை இது. போன வள்ளமெல்லாம் திரும்பி வந்த கரை இல்லை. அந்தப் பயம் அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. நாத்தனார் அட்டவணையைக் குழுவில் போட்டதில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். நம் வீடுகளில் போய் வந்த பிறகு சாக்லேட்டோடு சேர்த்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். இவர் முன்கூட்டியே சொன்னார், ‘வாங்களேன்’ என்றும் கூப்பிட்டார். குழுவில் பதில் எழுதாதீர்கள், தனியாகப் போன் பண்ணிப் பேசுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒரு தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை வேண்டாம். அவர் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் போய் வாருங்கள். இந்த மே முடியாவிட்டால் காலாண்டு லீவு இருக்கிறது. அப்போது அவருக்கும் சீசன் ஓய்ந்திருக்கும். ஒருவேளை வந்தாலும் வருவார்.

போனால் மலேசியாவில் ‘டோடோல்’ என்று ஒன்று விற்பார்கள், வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், வெல்லம். எங்கள் கீழக்கரைத் தொதல்தான். சபர் போனவர்கள் பணம் மட்டும் கொண்டுவரவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். நமக்கு மதுரை அலுவலகம். 36 பக்கம், சாதாரண முறை என்றால் 1,500 ரூபாய். சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும். மலேசியாவின் விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரில் போகும்போது அதைக் கேட்பார்கள். ‘ரத்து’ என்று முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதில் விழுகிற முதல் முத்திரை அது.